ஆடியில் எடுக்காத வண்டி

உட்காருங்கள் டீச்சர். பையை அந்த ஸ்டூல் மேல் வையுங்கள். சேலை எங்கேயும் ஓடிவிடாது, அதை அப்புறம் பார்க்கலாம். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. இதை நான் யாரிடம் சொன்னாலும் தப்பாகத்தான் வந்து விழுகிறது. ஒரு தடவை முடிவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன், கேட்டவர்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவை எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பித்தேன், அதற்கும் சிரித்தார்கள். என்னை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். எதை முன்னால் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிவதில்லை. நீங்கள் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள். நான் குழப்பினால் கையைக் காட்டி நிறுத்துங்கள், திரும்ப ஆரம்பிக்கிறேன்.

கேட்டு முடித்ததும் நீங்கள் எனக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் சொல்கிறேன். சும்மா ஊர்க்கதை பேச உங்களை உட்கார வைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாது இல்லையா? உள்ளே கட்டிலில் இருக்கிறார், அவர்தான். அவர் பேர் திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிற சாமி பேர். என் வாயால் சொல்ல மாட்டேன். லாரி ஓட்டியவர். சம்பளத்துக்கு இல்லை, சொந்த வண்டி. சங்ககிரியில் இருந்துகொண்டு இதைப் பெரிதாகச் சொல்லக் கூடாதுதான், இங்கே வீதிக்கு நாலு வண்டி நிற்கிறது. ஆனால் இவர் மாதிரி ஓட்டினவர் கிடையாது. ஒரு கேஸ் இல்லை, ஒரு பைன் இல்லை. போன வருஷம் தை மாசம், குஜராத்துக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து, கிளம்புகிற அன்றைக்குக் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இடது கை, இடது கால் போய்விட்டது. வண்டியை விற்றுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம்.

அதற்கப்புறம் அவர் பேசுவதை விட்டுவிட்டார். பேச்சு வரும், டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னார். வந்தும் பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சோறு வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, மருந்து பாதிதான். மனுஷனுக்கு எதுலயாவது ஆசை வரணும், இல்லேன்னா இந்தக் கையும் சேர்ந்து படுத்துடும்" என்றார். எதில் ஆசை வரும்? அவருக்கு வண்டியை விட்டால் வேறு என்ன தெரியும்? சினிமா கிடையாது, சீட்டு கிடையாது. நான்கூட அவருக்கு வண்டிக்கு அப்புறம்தான்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, கோகிலவாணி. ஓசூரில் கம்பெனி வேலை. ஆனி மாசம் லீவில் வந்தபோது பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள், அப்பாவுக்குப் படம் போட்டுக் காட்ட. அதில் ஏதோ தேடும்போது யாரோ ஒருத்தன் லாரி ஓட்டுகிற கேம் விளையாடுகிற வீடியோ வந்தது. நிஜ லாரி மாதிரியே இருக்கிறது டீச்சர். மழை பெய்தால் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. வைப்பர் போகிறது, வருகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் இவர் சுவரிலிருந்து திரும்பினார். தானாகத் திரும்பினார். நான் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இறக்கத்துல பிரேக்கைப் புடிச்சுட்டே வரான் பாரு, மடையன்" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தனை மாசத்துக்கு அப்புறம் வந்த முதல் பேச்சு அதுதான்.

அந்தக் கேமை வாங்கிவிடலாம் என்றேன். கோகிலா, "இப்ப விலை அதிகம்மா, அடுத்த மாசம் தள்ளுபடி போடுவாங்க" என்றாள். அடுத்த மாசம் ஆடி. பாருங்கள், அந்தக் கம்பெனிக்காரனுக்கும் ஆடித் தள்ளுபடி தெரிந்திருக்கிறது. அவன் எந்த நாட்டிலோ இருக்கிறான். சரி, ஆடி பிறக்கட்டும் என்று இருந்தோம். பிறந்ததும் அவள் வந்து வாங்கினாள், நான் சேலை வியாபாரத்தில் ஒதுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன். பாதி விலைதான். ஆனாலும் எனக்கு அது பெரிய பணம். அவர் பேரிலேயே கணக்குத் திறந்தாள். திரையில் அவர் பேர் இங்கிலீஷில் வந்தபோது, அவர் பேரை எழுதி லாரி முன்னால் மாட்டியிருந்தது ஞாபகம் வந்தது எனக்கு.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும் டீச்சர். இங்கேதான் எல்லோரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆடியில் வாங்கலாம். ஆடியில் வாங்காமல் வேறு எப்போது வாங்குவது? ஆனால் ஆடியில் எடுக்கக் கூடாது. வண்டியை எந்த மடையனாவது ஆடியில் எடுப்பானா? அட்வான்ஸ் கொடுத்து வைப்பார்கள், பாடி கட்டச் சொல்வார்கள், ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத்தான் சாவியைத் திருப்புவார்கள். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு தடவை மீறினார். இரண்டாவது வண்டி ஒன்றை, சல்லிசாக வருகிறது என்று, ஆடி நடுவில் எடுத்தார். நான் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அடுத்த ஆடிக்குள் பைனான்ஸ்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். அன்றைக்கு இவர் வாசலில் நின்ற நிற்பை நான் மறக்கவில்லை.

அதனால் இதைத் திறக்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றேன். கோகிலா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது ஏதோ சொன்னாள். "அம்மா, ஒரு தடவை திறந்து பார்த்துடு, இந்த லேப்டாப்புல ஓடுதா, அப்பாவுக்குச் சரியா வருதான்னு. வாங்குன நாள்லேர்ந்து ரெண்டு வாரத்துக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குள்ள விளையாடியிருந்தாத்தான் திருப்பித் தர முடியும்" என்று. சொன்னாள். சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிச் சொன்னாள்? ஒரு கையில் பை, ஒரு கையில் போன், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். அப்படிச் சொல்வது சொன்னதில் சேருமா? நீங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தேதியை மணி அடித்த பிறகு சொல்வீர்களா?

அவரும் கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் கேட்டார். காலையில் முகம் துடைத்துவிடும்போது, "சம்பூ, இன்னிக்குத் திறக்கலாமா?" என்பார். என் பேர் சம்பூரணம், அவர் சம்பூ என்பார், அதுவும் ரொம்ப நாளாகக் கூப்பிடாத பேர். "ஆவணி பொறக்கட்டுங்க" என்பேன். "இது நிஜ வண்டி இல்லையே" என்பார். "உங்களுக்கு நிஜந்தானே?" என்பேன். அப்போதும் சுவர்ப்பக்கம் திரும்ப மாட்டார். லேப்டாப் இருக்கிற அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மாசம் முழுக்க அவர் நன்றாகச் சாப்பிட்டார் டீச்சர். எனக்கே ஆச்சரியம்.

ஆவணியில் முதல் முகூர்த்த நாள். ராகு காலத்துக்கு முன்னாலேயே எல்லாம் தயார். லேப்டாப் மூடியில் சந்தனம், குங்குமம் வைத்தேன். சூடம் காட்டினேன். வாசலில் பூசணிக்காய் உடைத்தேன். நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். சிரிக்காதீர்கள். சிரித்தால் நிறுத்திவிடுவேன். வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைக்க மாட்டோமா, அது மாதிரிதான். சின்ராசு வந்திருந்தான். எங்கள் வீட்டுக்காரரிடம் கிளீனராக இருந்து, இப்போது அவனே சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, லேப்டாப்புக்கு சக்கரம் எங்கீங்க்கா?" என்று கேட்டுக்கொண்டே பழத்தை அவன்தான் அழுத்தி நசுக்கினான். சாறு துணியெல்லாம் ஆனது.

கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தோம். கோகிலா போனில் சொல்லச் சொல்ல சின்ராசு திறந்தான். வலது கையால் நாலு அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் போதும், வண்டி போகும். இன்ஜின் சத்தம் வந்தது. அவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு முதல் பொத்தானை அழுத்தினார். முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது! மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

ஆனால் அது வெளிநாட்டு வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம். ரோட்டில் வலது பக்கமாகப் போக வேண்டுமாம். இது எங்களுக்கு யார் சொன்னார்கள்? இவர் ஆயுசு முழுக்க இடது பக்கம் போனவர், கை தானாக அந்தப் பக்கம் போகிறது. எதிரில் வருகிற வண்டியெல்லாம் நேராக மூஞ்சிக்கு வருகிறது. மோதினார். திருப்பினார். ஒரு வளைவில் கம்பியில் உரசினார். ஒவ்வொரு தடவையும் அபராதம், அபராதம் என்று ஓரத்தில் எழுத்து வருகிறது. இவருக்கு! ஒரு பைன் வாங்காதவருக்கு! சின்ராசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமா இல்லையா? "அண்ணா, ஆயுசுக்கும் வாங்காத பைனையெல்லாம் ஒரே டிரிப்புல வாங்கிப்போட்டீங்களே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான்.

இவர் கையை எடுத்துவிட்டார். "போதும்" என்றார். மெதுவாகச் சரிந்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சின்ராசை வெளியே அனுப்பினேன். லேப்டாப்பை அணைக்கவில்லை. பூஜை போட்ட வண்டியை எடுத்த உடனே நிறுத்துவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை, மலையைச் சுற்றி ஒரு நடை போய்வந்துதான் நிற்கும். இது போகவும் இல்லை, வரவும் இல்லை. அது பாட்டுக்கு இன்ஜினாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். திரையில் அந்த லாரி ரோட்டோரமாக நின்று உறுமிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான், கோகிலா சொல்ல, மூடினேன்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அந்தச் சனியனை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, திருப்பிக் கொடு, பணத்தை வாங்கு என்று கோகிலாவிடம் சொன்னேன். அவள் அந்தக் கம்பெனிக்கு மனுப் போட்டுப் பார்த்தாள். பதில் உடனே வந்துவிட்டது. மனுஷன் படித்திருந்தால் கொஞ்சம் நேரமாகும், இது மிஷின் போட்ட பதில். வாங்கிய தேதியிலிருந்து நாள் கடந்துவிட்டது, மன்னிக்கவும். நான் விடவில்லை. மறுபடி போடு, எழுதிப் போடு, ஆடி மாசம் என்று எழுது என்றேன். "ஆடின்னா அவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றாள். "தள்ளுபடி போடத் தெரிஞ்சுதில்ல?" என்றேன். எழுதிப் போட்டாள். அதற்கும் பதில் வந்தது. நாளும் கடந்துவிட்டது, விளையாடிய நேரமும் கடந்துவிட்டது.

விளையாடிய நேரம்! டீச்சர், யார் விளையாடினது? அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. நிற்கிற வண்டிக்கு ஓடின கணக்குப் போடுகிறார்களா எங்கேயாவது? எங்கள் தொழிலில் நின்ற வண்டிக்கு லோடு ஏற்றின பார்ட்டிக்காரன்தான் எங்களுக்குக் காத்திருந்த கூலி கொடுப்பான். இவன் என்னடாவென்றால் நின்றதற்கு எங்கள் பணத்தைப் பிடித்துக்கொள்கிறான். நின்ற வண்டி என்று கோகிலாவை இன்னொரு தடவை எழுதிப் போட வைத்தேன், அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள். வாங்கிய நாளிலிருந்து எதற்கு எண்ண வேண்டும்? திறந்த நாளிலிருந்து எண்ணு. கல்யாணச் சேலையை நிச்சயத்துக்கு அடுத்த வாரமே எடுத்து வைக்கிறோம், முகூர்த்தத்தன்றைக்குத்தான் பிரிக்கிறோம். பிரித்தால்தானே கறையா, கிழிசலா என்று தெரியும்? மடித்து வைத்திருந்தவளைப் பார்த்து, உன் நாள் போய்விட்டது என்றால் அவள் எங்கே போவாள்? அவசரமாகத் திறக்கிறவனுக்கு ஒரு நியாயம், பொறுத்திருந்து திறக்கிறவனுக்கு ஒரு நியாயமா?

ஆமாம், உங்கள் சேலையும் மடித்துத்தான் வைத்திருந்தீர்கள், தெரியும். அதற்கு வருகிறேன்.

கோகிலாவோடு போனில் ஒரே சண்டை. என் வயிற்றில் பிறந்துவிட்டு அந்தக் கம்பெனிக்குப் பரிந்து பேசுகிறாள். "அம்மா, கெடு வைக்கலேன்னா என்ன ஆகும் தெரியுமா? கேமை முழுக்க முடிச்சுட்டு, பிடிக்கலைன்னு காசைத் திருப்பிக் கேப்பாங்க. படத்தை முழுசாப் பார்த்துட்டு வெளிய வந்து டிக்கெட் காசு கேக்கற மாதிரி. ரெண்டு பேர் மூணு பேர் சேர்ந்து சின்னதா கேம் பண்றவங்கல்லாம் இருக்காங்க, அவங்க பொழைக்க வேண்டாமா?" என்கிறாள்.

"நாம முடிச்சமாடி? நாம தொடங்கவே இல்லையே!" என்றேன்.

"அது அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அவங்களுக்குத் தெரியறது தேதியும் நேரமும்தான்."

"தெரியாட்டிக் கேக்கட்டும். போன் போட்டுக் கேக்கட்டும், நான் சொல்றேன்."

"நீ மட்டும் கேக்கறியா? சேலையைக் கட்டிப் பார்த்துட்டுக் கொண்டாந்தா நீ வாங்கறியா?" என்றாள்.

பார்த்தீர்களா? என் வியாபாரத்தை இழுக்கிறாள். அது வேறு, இது வேறு என்று அவளுக்குப் புரிய வைக்க முடியவில்லை. என் சேலை ஒரு தடவை வெளியே போய்த் திரும்பினால் மடிப்புக் கலைந்திருக்கும், மஞ்சள் பட்டிருக்கும், பூவாசம் ஏறியிருக்கும். அதை இன்னொருத்தியிடம் புதுசு என்று நான் எப்படிக் கொடுப்பேன்? இவனுக்கு என்ன கறை? என்ன கசங்கல்? பெட்டிக்குள் ஓடுகிற படம். திருப்பி வாங்கிக்கொண்டால் மடித்து வைக்கக்கூட வேண்டாமே. அவன் சரக்கில் ஒரு நூல் குறையப்போகிறதா? குறையாத சரக்கைத் திருப்பி வாங்க அவனுக்கு எதற்குக் கெடு? இதைச் சொன்னதும் அவள், "இது ஒண்ணு சரியாத்தான் கேக்கறே" என்றாள். அதை எழுது என்றேன். "எழுதினா மட்டும்?" என்று வைத்துவிட்டாள்.

சின்ராசு வேறு வாசலில் வண்டியை நிறுத்திப் போகும்போதெல்லாம், "என்னக்கா, ரிட்டர்ன் லோடு கிடைச்சுதா?" என்கிறான். உன்னால்தான்டா எல்லாம் என்று ஒரு நாள் நன்றாகக் கொடுத்தேன். முகம் சுண்டிப்போய்விட்டது அவனுக்கு. அதற்கப்புறம்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்திருக்கிறான், எனக்குத் தெரியாமல்.

என்ன காரியமா? நான் சேலைச் சரக்கெடுக்க இளம்பிள்ளை ஊருக்குப் போயிருந்த அன்றைக்கு வந்து, லேப்டாப்பைத் திறந்து இவர் மடியில் வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டானாம். ஸ்டியரிங்கை வலது பக்கமாக மாற்ற அதிலேயே வழி இருக்கிறதாம், இடது பக்கம் போகிற தேசமும் ஒன்று இருக்கிறதாம். கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான். நான் மூட்டையோடு உள்ளே நுழைகிறேன், இன்ஜின் சத்தம். இவர் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். முட்டுக் கொடுத்த தலையணை கீழே கிடக்கிறது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சம்பூ, வழியில நிக்காத, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

விளையாடின நேரம் ஏறிக்கொண்டிருக்கிறதே! நாம் விளையாடவே இல்லை, நின்ற வண்டி என்று அங்கே எழுதிப் போட்டிருக்கிறோம். இவர் இங்கே ஓட்டிக்கொண்டிருந்தால் அவன் கணக்கில் தெரியாதா? ஓடிப்போய் மூடினேன். மூடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"என்ன பண்றே?" என்றார்.

"கேஸ் நடக்குதுங்க. நீங்க தொட்டீங்கன்னா போச்சு."

"எந்தக் கேஸு?"

"பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கோம்ல?"

"நான் கேக்கலையே" என்றார்.

பாருங்கள், எப்படிப் பேசுகிறார் என்று. யாருக்காக நான் இத்தனை போராடுகிறேன்? கோகிலாவிடம் போனில் சொன்னால், அவள் சந்தோஷப்படுகிறாள். "அப்பா ஓட்டுனாரா? நிமிர்ந்து உட்கார்ந்தாரா? அப்புறம் என்னம்மா, விடு, ரீபண்டே வேண்டாம்" என்கிறாள். அப்படி விட்டுவிட முடியுமா? பிடித்திருக்கிறது என்று நாம் ஒத்துக்கொண்டால், அவன் ஏமாற்றினது நியாயம் என்று ஆகிவிடாதா? முதல் நாள் எங்களை அழ வைத்தான். அந்த முதல் நாளுக்கு யார் பதில் சொல்வது? இனிமேல் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? எனக்கு அவன் திருப்பித் தர வேண்டும். தந்துவிட்டால் அந்தப் பணத்தில் அதையேகூட இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளலாம், அடுத்த ஆடித் தள்ளுபடியில். இதைச் சொன்னால் சின்ராசு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரு வாரம் கெஞ்சினார். "அந்த மலை இறக்கத்துல மூணாவது வளைவு. அன்னிக்கு உரசிட்டேன். அதை எப்படி எடுக்கணும்னு தெரிஞ்சுடுச்சு சம்பூ. ஒரு தடவை. ஒரே தடவை எடுத்துட்டுத் தந்துடறேன்" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி. எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனால் ஒரு தடவை என்று இவர் எப்போது நிறுத்தியிருக்கிறார்? முடியாது என்றேன். இப்போது கேட்பதில்லை. மறுபடி பேச்சும் குறைந்துவிட்டது. பணம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும்.

அதனால்தான் கடிதம். கோகிலா இனிமேல் எழுத மாட்டேன் என்றுவிட்டாள். நீங்கள் எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் சூடாக இருக்க வேண்டும். ஆடி என்றால் என்ன என்று விளக்கி எழுதுங்கள். எங்கள் வீட்டில் புதிதாக எதையும் அந்த மாசம் தொடங்க மாட்டோம், அதனால் அந்த நாட்களைக் கணக்கில் கழிக்க வேண்டும் என்று எழுதுங்கள். நின்ற வண்டி என்பதையும். கறை இல்லை, கசங்கல் இல்லை என்பதையும். எலுமிச்சம்பழம் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எழுதுவீர்களா? நல்லது. உங்கள் வாயால் சரி என்று வந்ததே போதும்.

என்ன? அவர் விளையாடினால் என்ன நஷ்டம் என்று கேட்கிறீர்களா? டீச்சர், நீங்களுமா? இவ்வளவு நேரம் சொன்னேனே. நான் தப்பாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எங்கே தப்பினேன் என்று தெரியவில்லை. போகட்டும்.

சேலையைக் காட்டுங்கள். ஆமாம், இழை விட்டிருக்கிறது. உள்மடிப்பில் விட்டிருக்கிறது, பிரிக்காமல் தெரியாதுதான். உங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், நீங்கள் பிரிக்கவே இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். உங்களை நம்பாமல் யாரை நம்புவேன்? ஆனால் எடுத்தது ஆடியில். இப்போது புரட்டாசி வரப்போகிறது. தலைக்கு மேலே பாருங்கள், போர்டு. போன வாரம்தான் மாட்டினேன். லாரிக்கு எழுதுகிற பெயின்டரை வைத்து எழுதினது, அதனால்தான் எழுத்து அவ்வளவு பெரிதாக இருக்கிறது. "விற்ற துணி மூன்று நாளுக்கு மேல் திரும்ப எடுக்கப்படாது." நீங்கள் பிரித்தீர்களா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும், எனக்குத் தெரிவது எடுத்த தேதிதானே? வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு என்று மாற்றினால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். நான் ஒரு தடவை ஏமாந்தவள். கடிதத்துக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், அது வேறு.

உள்ளே என்ன சத்தமா? டக், டக் என்று கேட்கிறதே, அதுவா? அவர்தான். கட்டில் சட்டத்தில் வலது கை விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு. நாலு விரல். முன்னால், பின்னால், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நடுவில் கொஞ்சம் நிறுத்துவார், உடம்பை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், மறுபடி தட்டுவார். டாக்டர் சொன்ன கைப்பயிற்சியாக இருக்கும். நல்லதுதானே, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

லேப்டாப்பா? அது பத்திரமாக இருக்கிறது. இனிமேல் ஒரு நிமிஷம்கூட ஏறாது. சார்ஜர் வயரைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டேன். லேப்டாப்பைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினேன். சின்ராசு இனிமேல் நான் வீட்டில் இல்லாதபோது படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சாவியை எங்கே வைத்தாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் தாலிக்கயிற்றிலேயே கோத்துப் போட்டுக்கொண்டேன். இதோ, பாருங்கள்.